தூக்கிச் சென்றவர்களும் உயிர் காத்தவர்களும்

ஆம்புலன்ஸ் என்று நாம் இன்று வழங்கும் சொல்லுக்கு நடத்தல் என்பதே வேர்ப்பொருள். நடத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து, 'நடக்கும் மருத்துவமனை' என்று பொருள்படும் தொடர் ஒன்று பிரெஞ்சு மொழியில் பிறந்தது. படையோடு இடம்பெயர்ந்து செல்லும் மருத்துவக் கூடாரத்தை அது குறித்தது. காலப்போக்கில் மருத்துவமனை என்னும் பெயர் உதிர்ந்து, நடத்தல் மட்டும் எஞ்சியது. பின்னர்க் கூடாரமும் மறைய, காயம்பட்டவரைச் சுமக்கும் வண்டிக்கே அது பெயராயிற்று. மருத்துவம் உதிர்ந்து வண்டி மட்டும் எஞ்சிய இந்நிலை அச்சொல்லுக்கு மட்டுமன்றி, அச்சொல் குறித்த தொழிலுக்கும் நேர்ந்தது. அத்தொழிலுக்குள் மருத்துவத்தை மீண்டும் கொண்டுவந்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர்கள், 'வேலைக்கு லாயக்கற்றவர்கள்' என்று ஒரு நகரம் ஒதுக்கிவைத்த கறுப்பின இளைஞர்கள். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

வண்டி மட்டும் எஞ்சிய கதை

பிரெஞ்சுப் புரட்சிப் போர்களின்போது, காயமடைந்த படைவீரர்கள் பெரும்பாலும் சண்டை ஓயும்வரை களத்திலேயே கிடந்தனர். மருத்துவக் கூடாரங்கள் படைக்கு வெகுதொலைவில் பின்னே நின்றன. தொமினிக் ழான் லாரே என்னும் இளம் அறுவை மருத்துவர் இதைக் கண்டு பொறாது, குதிரைகள் இழுக்கும் இலேசான வண்டிகளை அமைத்து, 1790களில் அவற்றைக் களத்திற்குள்ளேயே செலுத்தினார். 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று அவற்றுக்குப் பெயர். வண்டியோடு மருத்துவரும் சென்றார் என்பதும், பதவியைப் பாராது காயத்தின் கடுமையைப் பார்த்தே முதலில் யாரைக் கவனிப்பது என்று முடிவு செய்யப்பட்டது என்பதும் அவ்வேற்பாட்டின் இரு சிறப்புகள்.

அமெரிக்க நகரங்கள் சிலவற்றில், 1860களின் பிற்பகுதி முதல் மருத்துவமனைகளே ஆம்புலன்ஸ்களை நடத்தின. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலிருந்து 1869இல் புறப்பட்ட குதிரை வண்டிகளில் இளம் மருத்துவர்கள் உடன் சென்றனர். இரண்டாம் உலகப்போரில் மருத்துவர்கள் படைக்குச் சென்றுவிட, அவ்வழக்கம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. வண்டிகள் வேறு கைகளுக்கு மாறின. எக்கைகளுக்கு என்பதைக் கேட்டால் வாசகர் வியப்பர். 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியைச் சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தாரே நடத்திவந்தனர் என்று குறிப்பிடுகிறது. காரணம் எளியது. ஒரு மனிதரைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லத்தக்க நீண்ட ஊர்தி அவர்களிடம்தான் இருந்தது. நம்மூரில் அமரர் ஊர்தி என்கிறோமே, அதுவே அங்கு உயிரோடிருப்பவரையும் ஏற்றிச் சென்றது.

அவ்வறிக்கை தரும் கணக்கின்படி, 1965ஆம் ஆண்டில் மட்டும் விபத்துகளால் அமெரிக்காவில் 1,07,000 பேர் மாண்டனர். அவர்களுள் 49,000 பேர் சாலை விபத்தில் இறந்தவர்கள். நகரத் தெருவில் அடிபடுவதைவிடப் போர்க்களத்தில் அடிபடுபவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று, கொரியாவிலும் வியட்நாமிலும் பணியாற்றித் திரும்பிய வல்லுநர்கள் கூறியதையும் அது பதிவு செய்கிறது. களத்தில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். தெருவில் இருந்ததோ ஒரு வண்டியும், அதை விரைந்து ஓட்டும் ஒருவரும்தாம்.

ஹில் டிஸ்ட்ரிக்ட்

பென்சில்வேனியா மாநிலத்தின் எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில் அப்பணியின் பெரும்பகுதியைக் காவல்துறை செய்தது. கைதிகளை ஏற்றும் அதே வேனில் நோயாளியையும் ஏற்றுவார்கள். காவலர் இருவரும் முன்னால் அமர்ந்துகொள்ள, நோயாளி பின்னால் தனியே கிடப்பார். வழியில் அவருக்கு மூச்சு நின்றாலும் அறிவாரில்லை.

அந்நகரின் மையத்தையொட்டிய மேட்டுப்பகுதி ஹில் டிஸ்ட்ரிக்ட். கறுப்பின மக்களின் வாழ்வும் ஜாஸ் இசையும் செழித்த இடம். நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1945இல் பிறந்தது இங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாக அவர் எழுதிய பத்து நாடகங்களுள் ஒன்பதின் களமும் இதுவே. 1950களின் பிற்பாதியில் 'நகர மறுசீரமைப்பு' என்ற பெயரில் இதன் கீழ்ப்பகுதி இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தனர். அவ்விடத்தில் 1961இல் ஒரு பெரும் உள்விளையாட்டரங்கம் எழுந்தது. எஞ்சிய பகுதியில் வேலையின்மை மிகுந்தது. காவல்துறையின்மீது இம்மக்களுக்கு இருந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. நெஞ்சுவலி கண்ட ஒருவரது வீட்டுக்கு உதவியாக வருவதும், தெருமுனையில் நிற்கும் மகனைப் பிடித்துச் செல்ல வருவதும் ஒரே வேன் என்றால், அழைப்பதற்கே மனம் தயங்கும். அழைத்தாலும் வேன் உரிய நேரத்தில் வரும் என்ற உறுதி அப்பகுதியில் இல்லை.

1966ஆம் ஆண்டில் அந்நகரில் இரு மரணங்கள் நிகழ்ந்தன. மறுசீரமைப்பு தொடங்கியபோது மேயராகவும் பின்னர் மாநில ஆளுநராகவும் விளங்கிய டேவிட் லாரன்ஸ், நவம்பர் 4ஆம் நாள் தேர்தல் கூட்டம் ஒன்றில் மயங்கி விழுந்தார். கூட்டத்திலிருந்த செவிலியர் ஒருவர் இதயத்தை இயக்க முயன்றார். ஆனால் வந்தது காவல்துறை வேன். ஓடும் வண்டியில் அம்முயற்சியைச் செம்மையாகத் தொடரும் ஆற்றல் உடன் சென்றவர்களுக்கு இல்லை. மருத்துவமனையில் அவர் இதயம் மீண்டும் துடித்தது. பிராணவாயு இன்றிக் கெட்டுப்போன மூளை மீளவில்லை. நவம்பர் 21இல் அவர் மறைந்தார். ஹில் பகுதி ஏழை ஒருவருக்குக் கிடைத்த வண்டிக்கு மேலானதொன்று, அந்நகரை ஆண்டவருக்கும் கிடைக்கவில்லை.

மற்றொன்று பதினொரு வயதுச் சிறுமியின் மரணம். பெற்றோர் வெளியூர் சென்றிருந்த வேளையில் கடும் ஆஸ்துமாவால் அவளுக்கு மூச்சு நின்றது. அவளுக்கும் இதயம் மீண்டது, மூளை மீளவில்லை. அவள் தந்தை பீட்டர் சாஃபர். நின்ற மூச்சை மீட்பது எப்படி என்று உலகுக்குக் கற்பித்த மருத்துவர் அவர்.

வியன்னாவில் 1924இல் பிறந்த சாஃபர், மயக்க மருந்தியல் வல்லுநர். 1950களில் பால்டிமோர் நகரில் அவர் நிகழ்த்திய சோதனைகள் துணிச்சலானவை. தாமாக முன்வந்தவர்களை மருந்தால் மூச்சற்ற நிலைக்குக் கொண்டுசென்று, வாயோடு வாய் வைத்து ஊதும் முறையே அதுவரை வழங்கிய மற்ற முறைகளினும் சிறந்தது என நிறுவினார். நினைவிழந்தவரின் நாக்கு தளர்ந்து பின்சரிந்து தொண்டையை அடைத்துவிடும். தலையைப் பின்சாய்த்துத் தாடையை உயர்த்தினாலே பலருக்கு மூச்சுவழி திறந்துவிடும் என்று காட்டினார். மார்பை அழுத்தி இரத்தத்தை ஓட்டும் முறையை 1960இல் வேறு ஆய்வாளர்கள் வெளியிட, இரண்டையும் இணைத்து மூச்சுவழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்னும் வரிசையை அமைத்தார். நார்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் லேர்டால் செய்த பயிற்சிப் பொம்மையின் மார்புக்குள் வில்சுருள் வைக்கச் சொன்னவரும் சாஃபரே. அப்பொம்மையின் முகம், பாரிசின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகக் கதை வழங்கும் பெயரறியா இளம்பெண் ஒருத்தியின் முகவார்ப்பு. ரில்கேயின் 'மால்டே' நாவலிலும் இடம்பெறும் முகம் அது. கவிஞர்கள் கண்டு நின்ற அம்முகத்தின்மீது இன்று உலகெங்கும் மனிதர்கள் மூச்சை ஊதிப் பழகுகின்றனர்.

கற்பிக்கப்பட்டவை

மருத்துவ நிதி அமைப்பொன்றின் தலைவரும், இளமையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவருமான ஃபில் ஹாலன், ஹில் பகுதிக்குத் தக்க ஊர்திச் சேவை வேண்டும் என்று எண்ணினார். அப்பகுதியில் கறுப்பினத்தவர் நடத்திய ஃப்ரீடம் ஹவுஸ் என்னும் அமைப்பு, ஏழைகளுக்கு வேலை தேடித் தருவதிலும் வண்டியில் காய்கறி கொண்டுசென்று கொடுப்பதிலும் ஈடுபட்டிருந்தது. இவ்விரு தரப்பும் சாஃபரும் 1967இல் கைகோத்தனர். ஓட்டுநர்களைத் தந்தால் போதும் என்பதே தொடக்கத்தில் இருந்த எதிர்பார்ப்பு. சாஃபரோ, வண்டிக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவையே ஏற்றிவிடலாம் என்றார். மருத்துவரல்லாத ஒருவருக்கு அதைக் கற்பிக்க முடியும் என்பது அவரது துணிபு.

கற்க வந்த இருபதுக்கும் மேற்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. சிறை கண்டவர்களும் உண்டு. அவர்களுக்காக வகுக்கப்பட்டது 32 வாரம், 300 மணி நேரப் பாடம். அக்காலத்தில் பல ஊர்களில் ஆம்புலன்ஸில் பணிபுரிய முதலுதவிச் சான்றிதழ்கூடக் கட்டாயமில்லை என்பதை நினைவிற்கொண்டால், இதன் அளவு விளங்கும்.

அவர்கள் கற்றவை எவை? முதலில் உடற்கூறும் உடலியங்கியலும். நின்ற மூச்சால் சில நிமிடங்களிலேயே மூளை ஏன் அழியத் தொடங்குகிறது என்று அறிந்தவனுக்கே, வண்டியை விரட்டுவதைவிட நோயாளியின் அருகில் மண்டியிடுவது முதற்கடமை என்பது புரியும். தூக்கு, ஓட்டு என்ற பழைய முறையை அவர்கள் தலைகீழாக்கினர். மருத்துவமனை நோயாளியை எதிர்நோக்கியிருக்க வேண்டியதில்லை, அது அவர் இருக்குமிடம் வர வேண்டும் என்பது பாடத்தின் சாரம்.

அடுத்தது கையின் அறிவு. எலும்பு முறிந்த காலை நிமிர்த்தும் ஆசையை அடக்கி, கிடந்தவாறே சிம்பு வைத்துக் கட்டுவது. கழுத்தில் அடிபட்டவரின் தலையை ஒருவர் அசையாது பிடித்திருக்க, மற்றவர் உடலைத் திருப்புவது. தளர்ந்துபோன நாளத்தைக் கண்டுபிடித்து ஊசி ஏற்றுவது. இவை யாவும் நூலில் படித்தால் வராதவை. அவற்றினும் கடினமானது மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் கலை. இடக்கையில் பிடித்த விளக்குக் கருவியால் நாக்கை ஒதுக்கி, குரல்நாண்கள் கண்ணுக்குத் தெரிந்த கணத்தில் வலக்கையால் குழாயை அவற்றினூடே செலுத்த வேண்டும். சற்றே தவறினால் குழாய் உணவுக்குழாய்க்குள் போய், வயிறு காற்றால் உப்பும், நோயாளி மூச்சின்றி இறப்பார். மிகுதியாய் உள்ளே போனால் வலப்பக்க நுரையீரலுக்கு மட்டுமே காற்றுப் போகும். ஆகவே ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றிலும் மார்பின் இருபுறத்திலும் வைத்துக் கேட்டு உறுதி செய்தாக வேண்டும். அதுவரை மருத்துவமனைக்குள் மயக்க மருத்துவர்கள் செய்துவந்த இதனை, இவர்கள் படிக்கட்டின் இருட்டிலும் நடைபாதையிலும் முழங்காலிட்டுச் செய்யக் கற்றனர்.

வண்டியின் அமைப்பும் அறிவுக்கேற்ப மாறியது. ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் ஒருவர் அமர இடம் விட்டு வடிவமைத்தார் சாஃபர். மூச்சுவழியைக் காப்பவன் தலைமாட்டில் இருந்தாக வேண்டும் அல்லவா? ஓட்டுதலும் பாடமாயிற்று. பின்னால் ஒருவர் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும்போது வளைவில் வண்டியை எறிவது வேகமாகாது என்பதை ஓட்டுபவர் உணர வேண்டியிருந்தது.

தெரு கற்பித்தவை

1968ஆம் ஆண்டில் சேவை தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு, ஹில் பகுதி தீப்பற்றி எரிந்த வடு ஆறாத வேளை. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 5,800 அழைப்புகளுக்குச் சென்று, 4,600 பேரை ஏற்றிச் சென்றனர். இவர்கள் இல்லாவிடில் அவர்களுள் 200 பேர் இறந்திருப்பர் என்பது சாஃபரின் கணிப்பு.

பாடத்திட்டத்தில் இடம்பெறாத ஓர் அறிவையும் இவர்கள் உடன்கொண்டு வந்திருந்தனர். எந்தச் சந்து எங்கே முடியும், எந்த வீட்டுப் படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்பன அவர்களுக்கு மனப்பாடம். கதவைத் திறப்பவருக்குத் தெரிந்த முகம் அவர்களுடையது. போதைப்பொருளால் மயங்கிக் கிடப்பவனைச் சூழ்ந்து நிற்கும் நண்பர்கள், காவலரிடம் வாய் திறவாதவர்கள், 'எதை எடுத்துக்கொண்டான், எப்போது?' என்று இவர்கள் கேட்டால் சொல்வார்கள். மருந்தைத் தீர்மானிப்பது அந்த விடைதான். கேட்கும் விதமும் குரலின் பதமும் மருத்துவ அறிவின் பகுதியே என்பதை ஹில் டிஸ்ட்ரிக்டின் தெருக்கள் காட்டின.

ஆயின் அவ்வறிவை எல்லோரும் ஒப்பவில்லை. உயிர் போகும் நிலையிலும் தம்மைத் தொடக்கூடாது என்ற வெள்ளையர் இருந்தனர். மருத்துவமனைகளில் இவர்களைத் துப்புரவுப் பணியாளர் என்று எண்ணியவர்களும் இருந்தனர். தாம் கொண்டுவந்த நோயாளியின் நிலையைத் தெளிவாக, வரிசையாக, மருத்துவரின் சொற்களிலேயே எடுத்துரைத்த பின்னரே அவ்வெண்ணம் மாறியது. அட்லாண்டாவில் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்து, பிட்ஸ்பர்க் மருத்துவமனை ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்த ஜான் மூன், அவ்வாறு நோயாளியோடு நிமிர்ந்து நடந்து வந்த இரு கறுப்பின இளைஞர்களைக் கண்டே தாமும் இதில் சேர விரும்பியதாகக் கூறியுள்ளார்.

நாம் புகழ்வது ஒருபுறம் இருக்கட்டும். 1972ஆம் ஆண்டின் ஆய்வொன்று, அவ்வட்டாரத்தில் இரு மாதங்களில் ஏற்றிச் செல்லப்பட்ட 1,400 நோயாளிகளைக் கணக்கிலெடுத்தது. கவலைக்கிடமானோருக்குத் தகுந்த சிகிச்சை அளித்ததில் காவல்துறை 38 விழுக்காடும், தன்னார்வ ஆம்புலன்ஸ்கள் 13 விழுக்காடும் பெற்றன. ஃப்ரீடம் ஹவுஸ் பெற்றது 89 விழுக்காடு.

1974இல் நான்சி கரோலைன் என்னும் முப்பது வயது மருத்துவர் இவர்களின் மருத்துவ இயக்குநரானார். வண்டியில் உடன் சென்றார், வானொலியில் இரவும் பகலும் ஆலோசனை கூறினார், பிழைகளைச் சுட்டினார். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நாடு முழுமைக்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை உருவாக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தபோது, அப்பாடத்திற்கு உரைகல்லாக நின்றவர்கள் ஃப்ரீடம் ஹவுஸ் ஊழியர்களே. 1979இல் அவர் வெளியிட்ட 'தெருக்களில் அவசர சிகிச்சை' என்னும் பொருள்பட்ட பாடநூல் அத்துறையில் முதன்மை நூலாயிற்று. தலைப்பில் நிற்கும் தெரு, ஹில் டிஸ்ட்ரிக்டின் தெரு என்றே நாம் வாசிக்கிறோம்.

சான்றிதழ் என்னும் வேலி

முடிவு இனியதன்று. பிட்ஸ்பர்க்கின் ஏழைக் கறுப்பினத்தவருக்குக் கிடைத்த தரமான சேவை வசதியான வெள்ளையர் பகுதிகளுக்குக் கிடைக்கவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. அக்குறையைத் தீர்க்க ஃப்ரீடம் ஹவுஸை நகரெங்கும் விரித்திருக்கலாம். மேயர் பீட்டர் ஃப்ளாஹெர்ட்டியின் நிர்வாகம் அதைச் செய்யவில்லை. நகராட்சியின் சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி, 1975 அக்டோபரில் ஃப்ரீடம் ஹவுஸை மூடியது.

ஊழியர்களைப் புதிய சேவையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கரோலைன் வற்புறுத்தினார். நகராட்சியும் இசைந்தது. பின்னர்ப் புதிய தேர்வுகள் வந்தன. பழைய குற்றப்பதிவுகள் கிளறப்பட்டன. இவர்களினும் குறைந்த அனுபவமுடைய வெள்ளையர்கள் இவர்களுக்கு மேலே அமர்த்தப்பட்டனர். மருத்துவம் செய்தவர்கள் மீண்டும் தூக்குபவர்களாக்கப்பட்டனர். ஒருவர்பின் ஒருவராகப் பலர் வெளியேறினர். நாட்டுக்கே பாடம் அமைய உதவியவர்கள், அப்பாடத்தின் பெயராலேயே தகுதியற்றோர் ஆயினர்.

ஜான் மூன் நிலைத்து நின்றார். அச்சேவையின் துணைத்தலைவராக உயர்ந்து 2009இல் ஓய்வு பெற்றார். இடையில் கறுப்பின இளைஞர்களைத் தேடித்தேடி இப்பணிக்கு அழைத்து வந்தார். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரான அமேரா கில்கிறிஸ்ட், 2023இல் அதே பிட்ஸ்பர்க் சேவையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினப் பெண்மணியானார். நீண்டகாலம் அதிகம் பேசப்படாதிருந்த வரலாற்றைக் கெவின் ஹசார்ட் 2022இல் ஒரு நூலாக எழுதினார்.

ஆம்புலன்ஸ் ஊழியருக்கு வேண்டிய அறிவு எது என்ற வினாவுக்குப் பாடத்திட்டங்கள் நீண்ட பட்டியலைத் தருகின்றன. அப்பட்டியல் தேவையே. சான்றிதழும் தேவையே, பயிலாத கை ஓர் உயிரைத் தொடலாகாது. ஆனால் அறிவை அளக்க எழுந்த கோல், அறிந்தவரை வெளியே நிறுத்தும் வேலியாகவும் மாறக்கூடும் என்பதைப் பிட்ஸ்பர்க் காட்டுகிறது. ஆசிரியப் பணியில் உள்ள நமக்கு இது அயலார் கதையாகத் தோன்றவில்லை. 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம். நம் ஆசிரியர் அறைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பள்ளியை முடிக்காத அவ்விளைஞர்கள் உலகின் தலைசிறந்த மருத்துவர் ஒருவரிடமிருந்து அவர்தம் கலையைக் கற்றுக்கொள்ளத் தேவைப்பட்டவை 300 மணி நேரமும், அவர்களால் இயலும் என்று நம்பிய ஓர் ஆசிரியரும். ஒரு பருவத்தில் நாம் ஒரு வகுப்பில் செலவிடும் நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறோம். அது 300 மணிக்கு வெகு கீழே நிற்கிறதென்று நம்மால் சொல்ல முடியவில்லை.